சுங்கக் கோட்டைகளின் அடிவாரத்தில்

கோட்டை என்னும் சொல்லை வகுப்பறையில் எத்தனை முறை உச்சரித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. உழிஞைத் திணையையும் நொச்சித் திணையையும் நடத்தும்போது மதிலையும் அகழியையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வழக்கம். மதிலை வளைத்தவனும் மதிலைக் காத்தவனும் அப்படத்தில் இருப்பார்கள். மதிலுக்கு வெளியே, அடிவாரச் சாலையில், சரக்கு மூட்டையோடு போனவன் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தபின், அந்நிய மண்ணில் ஓர் இரவல் மிதிவண்டியின் மேல் அமர்ந்திருந்தபோதுதான் அவன் என் கண்ணில் பட்டான்.

2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரில் பணிபுரியும் என் அக்காள் மகனிடம் பதினைந்து நாள் தங்கியிருந்தேன். அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்க் பிறந்த ஊர் அது. அவர் பெயரிலான அருங்காட்சியகத்திலேயே மாமா பொழுதைக் கழித்துவிடுவார் என்று மருமகன் நம்பியிருக்க வேண்டும். ஏனெனில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை உண்டு. விரலளவு தடிப்புள்ள டயர்களும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் கொண்ட பந்தய மிதிவண்டி ஒன்றை அவன் வைத்திருக்கிறான். அதை ஒரு கையால் தூக்கிவிடலாம். மிதிகட்டையோடு பூட்டிக்கொள்ளும் தனிக் காலணியும் அதற்குண்டு. காலையில் புறப்பட்டால் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மாலையில் திரும்புவான். மலை என்பது அவனுக்கு ஏறி முடிக்க வேண்டிய சரிவு. ஆறு என்பது எதிர்காற்று வீசும் திசை. அவன் தினமும் கடந்து போகும் கோட்டைகளின் பெயர்களைக் கேட்டேன். மூன்றுக்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

"நானும் வருகிறேன்" என்றேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான்; மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஜெர்மானியர் ஒருவர் தம் மிதிவண்டியை எனக்குத் தந்தார். நேரான கைப்பிடி, இருபத்து நான்கு கியர், பின்னால் கேரியர். அந்தக் கேரியரைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கேரியர் உள்ள வண்டியோடு எனக்குள்ள உறவு பழையது.

பிங்கன் நகர் வரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து ரைன் ஆற்றின் இடக்கரை வழியே கோப்லென்ஸ் நோக்கிப் புறப்பட்டோம். ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு இது. 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இரு கரையிலுமாக நாற்பது கோட்டைகள் வரை உள்ளன. பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் பாலம் ஒன்றுகூட இல்லை என்பது வியப்பு. கரை மாற விரும்புவோர் படகுத்துறைக்குத்தான் செல்ல வேண்டும். கரையோரம் பெரிய பலகைகளில் எண்கள் எழுதியிருக்கின்றன. கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தில் தொடங்கும் கிலோமீட்டர் கணக்கு அது. பிங்கனில் 529 என்றிருந்த எண் கோப்லென்ஸில் 592 ஆக வேண்டும். மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்பலகையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆற்றையொட்டி மிதிவண்டித் தடம், அதையடுத்துச் சாலை, சாலையையடுத்து இருப்புப்பாதை, அதற்கு மேல் உடனே செங்குத்து. அச்செங்குத்திலும் கற்சுவர் அடுக்கிப் படிப்படியாகத் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். பாறை முழுதும் சிலேட்டுக் கல். பள்ளிப் பருவத்தில் நாம் எழுதி எச்சில் தொட்டு அழித்த பலகையின் இனம்! வீட்டுக் கூரைகளும் அதே கல்லால் வேயப்பட்டுக் கருநீலமாய் மின்னுகின்றன. அமைதியான பள்ளத்தாக்கு என்று எவரேனும் எழுதினால் நம்ப வேண்டாம். இரு கரையிலும் சரக்கு வண்டிகள் இடியோசையோடு ஓடிக்கொண்டே இருக்கின்றன.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஆற்றின் நடுவே ஒரு தீவும் அதில் ஒரு கோபுரமும் தென்பட்டன. சுண்டெலிக் கோபுரம் என்று பெயர். பஞ்சத்தில் ஏழைகளைக் கொன்ற பேராயர் ஒருவரை எலிகள் துரத்திவந்து இக்கோபுரத்தில் தின்றன என்பது நாட்டார் கதை. சுங்கத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லே மருவி எலியாயிற்று என்பாரும் உளர். மொழி கற்பிப்பவனுக்கு இப்படியொரு மரூஉ கிடைத்தால் இறங்காமல் இருக்க முடியுமா? இறங்கினேன். "மாமா, இப்படி ஒவ்வொரு கல்லுக்கும் நின்றால் நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றான் மருமகன்.

அதன்பின் கோட்டைகள் வரிசையாக வந்தன: ரைன்ஸ்டைன், ரைஹன்ஸ்டைன், சூனெக். இவற்றுள் ரைன்ஸ்டைன் 1823ஆம் ஆண்டு பிரசிய இளவரசர் ஒருவர் இடிபாடாக விலைக்கு வாங்கிப் புதுப்பித்தது. கோப்லென்ஸை அடுத்த ஸ்டோல்சன்ஃபெல்ஸும் இடிபாடாகக் கிடந்து பிரசிய அரச குடும்பத்தாரால் புதுப்பிக்கப்பட்டதே. ஓவியர்களும் கவிஞர்களும் இடிபாடுகளின் மேல் காதல் கொண்டிருந்த காலம் அது. இன்று நாம் படங்களில் காணும் ரைன் நதி பெரும்பாலும் அக்காதலின் விளைவு. ரைஹன்ஸ்டைனும் சூனெக்கும் வேறு வகை. வழிப்பறி செய்த வீரர்களின் இருப்பிடம் என்பதால் 1282ஆம் ஆண்டு ஹாப்ஸ்பர்க் மரபின் மன்னர் ருடால்ஃப் அவற்றை அழித்தார்.

சுங்கத்துக்கும் வழிப்பறிக்கும் அக்காலத்தில் எல்லைக்கோடு மெல்லியது. ஆறு பெருஞ்சாலையாக இருந்த நாட்டில், ஆறு குறுகும் இடமெல்லாம் ஒரு பிரபுவோ பேராயரோ குன்றின்மேல் கோட்டை கட்டி, கீழே படகை நிறுத்திப் பணம் கேட்டார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரைன் ஆறு நெடுக இருந்த சுங்கத்துறைகள் அறுபதையொட்டி. ஒயினும் மரமும் ஏற்றிவந்த வணிகன் ஒரு துறையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த கோட்டை கண்ணுக்குத் தெரியும். மிதிவண்டியில் போகிறவனுக்கும் அப்படித்தான் தெரிகிறது. கழுத்தை உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். சுற்றுலாப் படங்களோ மேலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் கோட்டை பெரிதாகவும் ஆறு ஒரு வெள்ளி நூலாகவும் இருக்கும்.

எனக்கு என் அத்தா நினைவு வந்தது. அவர் ஹெர்குலிஸ் மிதிவண்டியின் கேரியரில் கைலி, சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு காவிரிக்கரைச் சிற்றூர்களில் விற்றவர். வாரச் சந்தைகளின் நுழைவாயிலில் குத்தகைக்காரரின் ஆள் ஒரு கோலோடு நிற்பார். மூட்டையைக் கோலால் குத்திப் பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொல்வார். கொடுத்தால் துண்டுச் சீட்டு ஒன்று கிடைக்கும். அத்தா அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சந்தை முடிந்து வீடு வரும் வரை எறிய மாட்டார். உள்ளே இன்னொருவர் வந்து மறுபடியும் கேட்பார் என்பது அவர் அனுபவம். அம்மா அச்சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து கூழாய்ப்போன காகிதம் வரும். சுங்கம் தவிர்த்தவன் என்று முதற் குலோத்துங்கனைப் புகழ்ந்த மரபு நம்முடையது. அச்சிறப்புப் பெயரை ஒரு மதிப்பெண் வினாவுக்குரிய விடையாகவே இத்தனை காலமும் நடத்திவிட்டேன். அது மூட்டை சுமந்தவர்களின் நன்றி என்று மாணவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பாஹராஹ் என்னும் ஊரை அடைந்தபோது நண்பகல் நெருங்கியிருந்தது. மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், குறுகிய தெருக்கள். பேதுரு தேவாலயத்துக்குப் பின்னே படிகள் ஏறுகின்றன. அவற்றின் பாதி வழியில், கூரையில்லாத சிவப்புக் கல் மண்டபம் ஒன்று நிற்கிறது. உயரமான சாளரங்களில் கண்ணாடியில்லை. வழியே வானம் தெரிகிறது. இவ்வளவு அழகான இடிபாட்டை நான் பார்த்ததில்லை. வெர்னர் சிற்றாலயம் என்று பெயர். அதற்கும் மேலே ஸ்டாலெக் கோட்டை. 1689ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையினர் அதை வெடிவைத்துத் தகர்த்தபோது இவ்வாலயமும் சிதைந்தது. நூறு முறையாவது கீழ்ச்சாலையில் போயிருப்பேன், ஒரு முறையும் ஏறியதில்லை என்றான் மருமகன்.

வெர்னர் யார்? 1287ஆம் ஆண்டு இவ்வூருக்கு அருகில் பிணமாகக் கிடந்த பதினாறு வயதுக் கூலிச் சிறுவன். யூதர்கள் தம் சடங்குக்காக அவனைக் கொன்றார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. சான்று ஏதும் இல்லை. வதந்தி ஆற்றோடு இறங்கி ஊர் ஊராகச் சென்றது. ரைன், மோசல் கரைகளில் யூதக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. கோட்டைகளை அழித்த அதே ருடால்ஃப் மன்னர் இக்குற்றச்சாட்டை நம்பவில்லை. சிறுவனின் உடலை வைத்து வழிபாடு தோன்றுவதைத் தடுக்க முயன்றார். பயனில்லை. ஈராண்டில் இவ்வாலயத்தின் வேலை தொடங்கிவிட்டது, யாத்திரிகர் திரண்டனர். அவனைப் புனிதனாகக் கொண்டாடும் நாளை டிரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியது 1963ஆம் ஆண்டு. இடையில் கழிந்தவை 676 ஆண்டுகள்.

இங்கே ஹைனேயைச் சொல்லாமல் போக முடியாது. லோரலை கவிதையால் உலகறிந்த ஹைன்ரிஹ் ஹைனே பிறப்பால் யூதர். பாஹராஹ் நகரத்து யூத குரு ஒருவரைப் பற்றி நாவல் ஒன்றைத் தொடங்கி, முடிக்காமலே 1840ஆம் ஆண்டு வெளியிட்டார். திருநாள் விருந்து நடக்கிறது. முன்பின் அறியாத இருவர் வந்து அமர்கிறார்கள். மேசைக்கடியில் ஒரு குழந்தையின் பிணத்தை அவர்கள் இரகசியமாகப் போட்டிருப்பதைக் குரு கண்டுகொள்கிறார். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், மனைவியோடு இரவோடிரவாகப் படகேறி இதே ஆற்றில் தப்பிக்கிறார். நம் மாணவர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. இதே ஹைனே இளம் வயதில் எழுதிய அல்மன்சோர் என்னும் நாடகம், கிரனாடாவில் வீழ்ந்துபட்ட முஸ்லிம்களைப் பற்றியது; திருக்குர்ஆன் எரிக்கப்பட்ட கொடுமையை அது பேசுகிறது. 1933ஆம் ஆண்டு நாஜிகள் மூட்டிய தீயில் ஹைனேயின் நூல்களும் எரிந்தன.

யூதர்கள் இப்பள்ளத்தாக்கில் இன்னொரு சுங்கமும் கொடுத்தார்கள். சரக்குக்குக் கொடுப்பது போதாதென்று தம் உடலுக்கும் கொடுக்க வேண்டும். மாட்டுக்கும் பீப்பாய்க்கும் வாங்குவதுபோல ஒரு மனிதன் தன்னைத் தானே சுமந்து சென்றதற்கு வாங்கிய வரி அது. ஜெர்மன் நாடுகளில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுந்தான் அது ஒழிந்தது.

ஆலயத்தில் ஒரு பலகை உள்ளது. யூதர்களுக்கு இழைத்த தீங்குக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் சொற்கள் அதில் இருக்கின்றன. எனக்கு ஜெர்மன் தெரியாது. மருமகன் வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வந்தான். பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, மீண்டும் தொடங்கினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். யூதர்களைப் பற்றி எங்கள் தெருவில் உலவிய சில கதைகளைச் சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். தேநீர்க்கடையில் பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஓர் அரசு செய்யும் அநீதியைக் கண்டிப்பது வேறு. ஓர் இனத்தாரைப் பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் வாயால் கடத்துவது வேறு. கேட்டதையெல்லாம் பேசுவது பொய்யனாவதற்குப் போதும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நான் யூதர் ஒருவரிடம் நேரில் பேசியதுகூட இல்லை. அம்மண்டபத்தில் நின்றபோது என் நாவு எனக்கே பாரமாக இருந்தது.

படியிறங்கி வந்து ஆற்றங்கரைப் புல்வெளியில் குப்பி நீரால் உளூச் செய்து லுஹர் தொழுதோம். தொழுது முடித்துக் கைலேஞ்சியை மடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் தானாகவே சொன்னான். அவன் இந்நாட்டுக்கு வந்த முதலாண்டில், தொலைபேசியில் பேசி முடித்த வாடகை அறை, முழுப்பெயரை எழுதி அனுப்பிய மறுநாள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாம். ஒருமுறையன்று, மூன்றுமுறை. பதினோரு நாள் நண்பன் அறையில் தரையில் படுத்திருந்தான். "அம்மாவிடம் சொல்லவில்லை மாமா. நீங்களும் சொல்லாதீர்கள்."

நான் பணியில் சேர்ந்த ஆண்டு வீடு தேடி அலைந்ததை அவனுக்குச் சொன்னேன். பெயரைக் கேட்கும் வரை காலியாக இருந்த வீடுகள் கேட்ட மறுகணம் நிரம்பிவிட்டன. கடைசியில் பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் தம் வீட்டின் முன்பகுதியைத் தந்தார், ஆறாண்டுகள் இருந்தோம். "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போல" என்றேன். அவன் என் இரவல் வண்டியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.

அதன்பின் அவன் முன்னால் பாயவில்லை. என் பக்கத்திலேயே வந்தான். எதிர்காற்று பலமானபோது மட்டும் எனக்கு முன்னே சென்று காற்றை மறைத்துக் கொடுத்தான். ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டினால் பின்னால் வருபவருக்கு உழைப்புக் குறையும் என்பது பந்தயக்காரர்களின் நுணுக்கம். வழக்கமாக அவர்கள் முறைவைத்து முன்னே வருவார்களாம். என் முறை வரவே இல்லை.

கௌப் எதிரே ஆற்றுத் தீவில் ஃபால்ட்ஸ் கோட்டை வெள்ளைக் கப்பல்போல் நிற்கிறது. 1327ஆம் ஆண்டளவில் பவேரிய லுத்விக் மன்னர் காலத்தில் சுங்கம் தண்டவே எழுந்தது, குடியிருக்க எழுந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் அங்கே வாங்கினார்கள். 1868ஆம் ஆண்டு மன்ஹைம் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைதான் ரைன் ஆற்றைச் சுங்கமின்றித் திறந்துவிட்டது. இப்போது நெதர்லாந்து, சுவிட்சர்லாந்துக் கொடிகளோடு நீண்ட சரக்குக் கப்பல்கள் எவரையும் கேளாமல் போகின்றன. எதிரோட்டத்தில் ஏறும் கப்பலை நாங்கள் முந்தினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் நாங்கள் போன திசை வேறு. எங்கள் திசையில் வந்த கப்பல்களெல்லாம் எங்களை முந்தின.

லோரலைப் பாறை 132 மீட்டர் உயரம். அடியில் ஆறு குறுகிச் சுழித்து வளைகிறது. படகோட்டிகள் அஞ்சியதில் வியப்பில்லை. பாறையைப் பொறுத்தவரை, கவிதையே அதைவிட உயரம் என்பது என் கருத்து.

சங்க்ட் கோவார் என்னுமிடத்தில் ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு ஏறும் சாலையை நான் கேட்டு வாங்கினேன் என்றே சொல்ல வேண்டும். மருமகன் கியரை இறக்கிச் சீரான கதியில் மறைந்துபோனான். நான் மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். அத்தாவும் ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் மூட்டையோடு தள்ளித்தான் போவார். 1245ஆம் ஆண்டு எழுந்த அக்கோட்டையில் சுங்கத்தை உயர்த்தியபோது ரைன்கரை நகரங்கள் கூட்டணி சேர்ந்து ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டன. கோட்டை விழவில்லை. அரசன் அரசனை வளைத்த உழிஞையை அறிவோம். வணிகர் வளைத்த உழிஞைக்கு நம் இலக்கணத்தில் துறை இல்லை. மேலே இடிந்த மதிலின்மேல் மருமகன் உட்கார்ந்திருந்தான். பேரீச்சம்பழம் ஒன்றை நீட்டினான்.

போப்பார்ட் வளைவும், எதிர்க்கரையில் ஒருநாளும் அழிவுறாத மார்க்ஸ்பர்கும் விரைவாகக் கடந்தன. உண்மையில் என் கண்கள் அப்போது எண் பலகைகளை மட்டுமே பார்த்தன. மோசல் வந்து ரைனில் கலக்கும் முனையில், 592ஐ ஒட்டி, வண்டியை விட்டு இறங்கியபோது கால்கள் என்னுடையவையாக இல்லை.

அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினோம். எத்தனை கோட்டை பார்த்தீர்கள் என்று கேட்டாள். பதினேழு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன் என்றேன். பிள்ளை வெயிலில் கறுத்துவிட்டானா, வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான், காற்றுக்கு முன்னால் நின்று என்னை இழுத்துக்கொண்டு வந்தான் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. மருமகன் என்னைப் பார்த்தான். வாடகை அறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.